பதினாலாம் கட்டிலுக்கு நாலு மாத்திரை

"சார், இந்தப் புத்தகம் எனக்கு வேண்டாம்."

ஜெபக்கனி மருந்தியல் புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் அங்கே கிடந்த பேனா உருண்டது.

மைதீன் பிச்சை பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏங்க்கா?"

"அறுநூறு பக்கம். காலையில படிச்சது மத்தியானம் மறந்துபோவுது. சின்னப் பிள்ளைகளுக்கு மண்டையில ஏறுது, எனக்கு ஏற மாட்டேங்குது. எதைத் தெரிஞ்சுக்கிட்டா போதும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு கரையேறிருதேன்."

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. அந்த ஆஸ்பத்திரியிலேயே இருபது வருஷம் உதவி நர்ஸாக இருந்தவள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் பள்ளியில் முழு நர்ஸாவதற்குப் படிக்க வந்திருந்தாள். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது. பாடம் நடத்தும் மைதீன் பிச்சைக்கே முப்பத்தொன்றுதான்.

அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை சார் என்பாள்.

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவரிடம் கிடையாது. போன மாதம் ஒரு பெண் எழுந்து, மருந்துக்கும் விஷத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். அவர் பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, வகுப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார். பிள்ளைகள் ஒரு வாரம் அந்த ஸ்பூனைப் பற்றியே பேசினார்கள்.

ஜெபக்கனிக்கு அவர்மேல் பாதி மரியாதை, பாதி எரிச்சல்.

"நாளையிலேருந்து உங்களுக்கு ஆண்கள் வார்டுதானே?" என்று கேட்டார்.

"ஆமா."

"பதினாலாம் கட்டில் பக்கத்துல மூணு நாள் இருங்க."

"இருந்து?"

"குடுக்கிற மாத்திரை எங்க போகுதுன்னு பாருங்க."

"அவ்வளவுதானா?"

அவர் புத்தகத்தை எடுத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.



பதினாலாம் கட்டிலில் இருந்தவர் பெயர் இசக்கியப்பன். ஐம்பத்தேழு வயது. உயரமான கட்டடங்களுக்கு மூங்கில் சாரத்தில் ஏறி நின்று பெயிண்ட் அடிக்கிறவர். நகக்கண்ணில் எல்லாம் வெள்ளை. எத்தனை தடவை கழுவினாலும் அது போகாது என்று அவரே கையை விரித்துக் காட்டினார்.

ரத்தக் கொதிப்பு. மூன்று மாதமாக வெளிநோயாளியாக வந்துகொண்டிருந்தார். முதலில் ஒரு மாத்திரை. குறையவில்லை. அளவைக் கூட்டினார்கள். குறையவில்லை. இரண்டாவது மாத்திரை, மூன்றாவது மாத்திரை. ஒருநாள் தலை வெடிக்கிறது என்று வந்து நின்றவரைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். நாலாவது மாத்திரையும் எழுதினார்கள். சேர்ந்து எட்டு நாள் ஆகிறது.

காலை எட்டு மணிக்கு வண்டி உருண்டு வந்தது. பணியிலிருந்த நர்ஸ் சின்னக் காகிதக் கிண்ணத்தில் நாலு மாத்திரை போட்டுக் கொடுத்தாள். ரோஸ் ஒன்று, மஞ்சள் ஒன்று, வெள்ளை இரண்டு.

இசக்கியப்பன் கிண்ணத்தை வாயில் கவிழ்த்தார். தண்ணீரை அண்ணாந்து குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். வண்டி பதினைந்தாம் கட்டிலுக்கு நகர்ந்தது.

பத்து மணிக்கு டாக்டர் வேதநாயகி ரத்த அழுத்தம் பார்த்தார். இருநூறு, நூற்றுப் பதினாறு.

"நாலு மருந்து, எல்லாம் முழு அளவு," என்றார் டாக்டர், யாரிடம் என்றில்லாமல். "இதுக்கு மேல அஞ்சாவதா ஒண்ணுதான் எழுதணும். ரெண்டு நாள் பாப்போம்."

இசக்கியப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.



சாயங்காலம் ஜெபக்கனி மைதீன் சார் முன்னால் நின்றாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். குடுத்தாங்க, சாப்பிட்டாரு. குறையல."

"மாத்திரை எங்க போச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படித்து வைத்திருந்தாள். ஒரே மூச்சில் சொன்னாள்.

"வாய் வழியா வயித்துக்கு. வயித்துலேருந்து குடலுக்கு. குடல் உறிஞ்சி கல்லீரலுக்கு அனுப்பும். கல்லீரல் ஒரு பங்கைச் சிதைச்சிரும். மிச்சம் ரத்தத்துல கலந்து, எங்க வேலை செய்யணுமோ அங்க போய்ச் சேரும். வேலை முடிஞ்சதும் சிறுநீரகம் வெளியேத்தும்."

"ரொம்ப சரி."

அவளுக்கு முகம் மலர்ந்தது.

"அது புத்தகத்துல இருக்கிற மாத்திரை," என்றார் அவர். "நான் கேட்டது பதினாலாம் கட்டில்ல குடுத்த மாத்திரையை."

மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனாள். மனுஷன் ஒரு வார்த்தையை வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று இருந்தது.



மறுநாள் அவள் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. துண்டைப் பார்த்தாள்.

தண்ணீர் குடித்த பிறகு இசக்கியப்பன் வாயைத் துடைத்த விதம் எங்கோ உறுத்தியது. நேற்றும் அப்படித்தான் துடைத்தார். வழக்கமாகத் துடைக்கிற நேரத்தைவிட ஒரு கண நேரம் அதிகம். துடைத்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி தாண்டிப் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து ஜன்னல் ஓரமாகப் போய்த் துண்டை உதறினார்.

சோற்றுப் பருக்கை உதறுகிறவர்போல, அவ்வளவு சாதாரணமாக.

அவர் குளியலறைக்குப் போகட்டும் என்று காத்திருந்தாள். போனதும் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

வார்டு மாடியில் இருந்தது. கீழ்த்தள ஜன்னலுக்கு மேலே நீட்டியிருந்த சன்ஷேடில், ரோஸும் மஞ்சளும் வெள்ளையுமாக மாத்திரைகள் கிடந்தன. சிலது வெயிலில் வெளுத்திருந்தன. சிலது மழையில் கரைந்து சிமெண்டில் திட்டாகப் படிந்திருந்தன. கரையாமல் கிடந்தவற்றை எண்ணினாள். இருபத்தேழு.

ஜன்னலை விட்டு நகராமல் நின்றாள்.

இருபது வருஷம் இதே வார்டில் அவளும் அந்தக் காகிதக் கிண்ணத்தை நீட்டியிருக்கிறாள். நீட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருக்கிறாள். ஒருநாள்கூட ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்ததில்லை.

"பாத்துட்டீங்களா?"

இசக்கியப்பன் பின்னால் நின்றார். முகத்தில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாத்துட்டேன், அண்ணாச்சி."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிராதீங்க, தங்கச்சி."

"சொல்லாம எப்படி? ராப்பகலா அவங்க உங்களை நெனச்சு மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டிருக்காங்க."

"சொல்லாதீங்க." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நகக்கண்ணின் வெள்ளை அவள் கண்ணில் பட்டது.

கசக்கிறது என்பவர்கள், நாட்டு மருந்து போதும் என்பவர்கள், சாமி பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் என்று அவள் எத்தனையோ பேரைப் பார்த்தவள். இவரும் அந்த ரகம்தான் என்று முடிவு செய்துகொண்டாள். அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. ஊரே கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமையும் உள்ளுக்குள் இருந்தது.

"சரி. நான் சொல்லல. ஆனா நாளைக்கு நாலு மாத்திரையையும் என் கண் முன்னால முழுங்கணும். வாயைத் திறந்து காட்டணும். சம்மதமா?"

"நாலுமேயா?"

"நாலும்தான்."

"மொதல்ல ஒண்ணை மட்டும் முழுங்கிப் பாத்தா ஆகாதா?"

"படிச்சவங்க கணக்குப் பண்ணி எழுதியிருக்காங்க, அண்ணாச்சி. நீங்களும் நானும் பேரம் பேச இது என்ன கத்தரிக்காயா?"

இசக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரிம்மா," என்றார்.



அன்று சாயங்காலம் மைதீன் சார் கேட்டார்.

"எங்க போச்சு?"

"நாளைக்குச் சொல்லுதேன், சார்."

அவள் குரலில் இருந்த சந்தோஷம் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் சிரித்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.



மூன்றாம் நாள் காலை. ஜெபக்கனி நர்ஸிடம் சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் தானே வாங்கிக்கொண்டாள்.

ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். ரோஸ், மஞ்சள், வெள்ளை, இன்னொரு வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர். கடைசியில் வாயைத் திறக்கச் சொன்னாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள். கன்னத்தின் உள்பக்கம்வரை பார்த்தாள்.

வாய் சுத்தமாக இருந்தது.

"எவ்வளவு லேசான வேலை பாத்தீங்களா," என்றாள்.

அவர் கட்டில் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது மணிக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்று எழுபது. கருவி தப்பாகக் காட்டுகிறதோ என்று மறுபடியும் பார்த்தாள். நூற்று எழுபதுதான். பத்து நாளாக அசையாத எண். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒன்பதரைக்கு நூற்று நாற்பது.

தாளில் எழுதும்போது, இதை மைதீன் சாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். அவரைப்போலவே சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சன்ஷேடுக்குப் போச்சு சார், என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

"ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்," என்றார் இசக்கியப்பன்.

"போயிட்டு வாங்க."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டு எட்டு வைக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவது எட்டின் சத்தம் கேட்கவில்லை.

பக்கத்துக் கட்டிலின் இரும்புப் பெட்டியில் இடித்து, வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ள, இசக்கியப்பன் தரையில் கிடந்தார். உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்திருந்தது.

"அண்ணாச்சி."

பதில் இல்லை.

மணிக்கட்டில் நாடி தேடினாள். கிடைக்கவில்லை. கழுத்தில் தேடினாள். எங்கோ ஆழத்தில், மெதுவாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தக் கருவியைக் கட்டிக் காதில் வைத்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. இறக்கிக்கொண்டே வந்தாள். அறுபதுக்குப் பக்கத்தில் லேசாகத் தட்டியது.

டாக்டர் வேதநாயகி ஓடி வந்தார். இசக்கியப்பனைக் கட்டிலில் தூக்கிப் படுக்க வைத்து, காலை உயரத் தூக்கச் சொன்னார். இரண்டு கையிலும் ஊசி குத்தி சலைன் ஓடவிட்டார்கள்.

"என்ன குடுத்தீங்க?"

"எழுதியிருந்ததைத்தான் டாக்டர்."

"பத்து நாளா குடுத்ததுதானே?"

ஜெபக்கனி கையை நீட்டி ஜன்னலைக் காட்டினாள்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றார். ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்தன.

பிறகு திரும்பி வந்து இசக்கியப்பன் கன்னத்தைத் தட்டினார். "அண்ணாச்சி, உங்க பேரு என்ன? பேரைச் சொல்லுங்க."

பக்கவாதம் வந்து வாய் கோணுகிறதா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருநூறில் ஓடிப் பழகிய ரத்தம் திடீரென்று அறுபதுக்கு இறங்கினால் மூளைக்கு எட்டாமல் போகலாம் என்று ஜெபக்கனிக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை அவள் படித்திருந்தாள். மறக்காமல் அட்சரம் அட்சரமாக ஞாபகம் வந்தது.

இருபது நிமிஷம் கழித்து உதடு அசைந்தது.

"இசக்கியப்பன்."

குரல் தெளிவாக இருந்தது. வாய் கோணவில்லை. வலது மணிக்கட்டு மட்டும் புடைத்து, கை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. எலும்பு முறிந்திருந்தது.



மத்தியானம் அவர் மனைவி பேச்சியம்மாள் தூக்குவாளியோடு வந்தாள். சலைன் பாட்டிலைப் பார்த்தாள். மாவுக்கட்டைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கவில்லை. மாத்திரை முழுங்கிய கொஞ்ச நேரத்தில் விழுந்துவிட்டார் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்.

"யாரு மாத்திரை குடுத்தா?"

பணியிலிருந்த நர்ஸ் தாளைப் புரட்டினாள்.

"நான்தான்," என்றாள் ஜெபக்கனி.

பேச்சியம்மாள் அவளைப் பார்த்தாள். வைவாள், அடிக்கக்கூட அடிப்பாள் என்று ஜெபக்கனி காத்திருந்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

பேச்சியம்மாள் தூக்குவாளியைத் திறந்தாள். சோற்றைப் பிசைந்தாள். புருஷனுக்குக் கையில் எடுத்து ஊட்ட ஆரம்பித்தாள். பிறகு ஜெபக்கனி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.



மைதீன் சார் ஆசிரியர் அறையில் தனியாக இருந்தார். ஜெபக்கனி உள்ளே போய் நின்றாள். ஒத்திகை பார்த்த வார்த்தை எதுவும் அவளிடம் மிச்சம் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். துண்டு, சன்ஷேடு, பேரம், திறந்து காட்டிய வாய், நூற்று எழுபது, நூற்று நாற்பது, தரை.

"நான் என்ன தப்பு செஞ்சேன் சார்? எழுதியிருந்ததைத்தானே குடுத்தேன். ஒண்ணு கூடக் குடுக்கலையே."

"அந்த நாலு மாத்திரையும் யாருக்கு எழுதினது?"

"பதினாலாம் கட்டிலுக்கு."

"யாருக்குக்கா?"

"இசக்கியப்பனுக்கு."

அவர் தலையை அசைத்தார். இல்லை என்று.

அவள் மூன்று மாதத்தையும் மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள். 

முதல் மாத்திரைக்குக் குறையாதவருக்கு அளவைக் கூட்டினார்கள். கூட்டியும் குறையாதவருக்கு இரண்டாவதை எழுதினார்கள். இரண்டுக்கும் குறையாதவருக்கு மூன்றாவது. மூன்றுக்கும் மசியாத ஒரு முரட்டு உடம்புக்கு நாலாவது.

அப்படி ஓர் ஆள் அந்தக் கட்டிலில் படுக்கவே இல்லை. அங்கே படுத்திருந்த உடம்பு மூன்று மாதமாக ஒரு மாத்திரையையும் பார்க்காத உடம்பு. இல்லாத ஆளுக்கு எழுதியதை, இருக்கிற ஆளை வாயைத் திறக்கச் சொல்லி அவள் ஊட்டியிருக்கிறாள்.

நாக்கைத் தூக்கிப் பார்த்தது ஞாபகம் வந்தது.  நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

பிடித்தபடி நின்றவளுக்கு இன்னொன்று தட்டுப்பட்டது. மெதுவாக நிமிர்ந்தாள்.

"சார்."

"சொல்லுங்க."

"மாத்திரையெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கிடந்துச்சுன்னு சொன்னேன்."

"ஆமா."

"அதைப் பாத்து டாக்டரம்மா நிலைகுத்தி நின்னுட்டாங்க. நான் நேத்து நின்னேன். நீங்க கண்ணைக்கூட இமைக்கலியே."

மைதீன் பிச்சை மேஜைமேல் கிடந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

வெளியே தாழ்வாரத்தில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள். சத்தம் தேய்ந்து மறையும்வரை அவர் காத்திருந்தார்.

"அந்த வெள்ளை மாத்திரையில ஒண்ணு, நாடியை மெதுவாக்கும்," என்றார். "யார் சாப்பிட்டாலும். திங்கக்கிழமை அவர் தாளைப் பாத்தேன். ஒரு வாரமா நாடி தொண்ணூத்தாறு, தொண்ணூத்தெட்டு. ஒருநாள்கூட இறங்கல. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுதான் என்னைய அனுப்பினீங்களா?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்களே கண்டுபிடிச்சா ஆயுசுக்கும் மறக்கமாட்டீங்கன்னு நினைச்சேன்."

ஜெபக்கனி அவரைப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை.

"மறக்கமாட்டேன், சார். அவரு கையும் மறக்காது."

மைதீன் பிச்சையின் முகம் அப்போதுதான் மாறியது. யாரோ அவரை நெஞ்சில் கைவைத்துப் பின்னால் தள்ளியதுபோல நாற்காலியில் சாய்ந்தார். ஏதோ சொல்ல வந்தார். வரவில்லை. மேஜைமேல் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தபடி இருந்தார்.

வகுப்பில் அவர் மௌனமாக இருக்கும்போதெல்லாம் அதற்குள் ஏதோ பொருள் இருப்பதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். இந்த மௌனத்தில் ஒன்றும் இல்லை என்று ஜெபக்கனிக்குத் தெரிந்தது. முப்பத்தொரு வயது மனுஷன் ஒருவர் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்.

"வாங்கக்கா," என்று எழுந்தார்.



முதலில் டாக்டரிடம் போனார்கள். மைதீன் பிச்சை நின்றபடியே சொன்னார். நாடியைப் பார்த்தது, தெரிந்தது, சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும். ஜெபக்கனி தன் பேரத்தைச் சொன்னாள்.

டாக்டர் வேதநாயகி இசக்கியப்பனின் தாளை எடுத்து முதலிலிருந்து புரட்டினார்.

"நாடி என் தாள்லதான் இருந்துச்சு," என்றார் கடைசியில். "தினமும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

மூன்று பேருமாக வார்டுக்கு வந்தார்கள்.

பேச்சியம்மாள் கட்டிலோரம் இருந்தாள். இசக்கியப்பன் விழித்திருந்தார். மூன்று பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் எழ முயன்றார். தன்னை வையத்தான் வருகிறார்கள் என்று நினைத்தார்.

"எழுந்திரிக்காதீங்க," என்றார் மைதீன் பிச்சை. கட்டில் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "அண்ணாச்சி, நீங்க மாத்திரை முழுங்கலேன்னு எனக்குத் திங்கக்கிழமையே தெரியும். தெரிஞ்சும் நான் யாருகிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா நீங்க விழுந்திருக்க மாட்டீங்க."

இசக்கியப்பன் அவரைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு பேச்சை அவர் கேட்டதே இல்லை. 

"நானும் சொல்லலியே," என்றார்.

அப்புறம், யாரும் கேட்காமலே, அவராகச் சொன்னார்.

"மொத மாத்திரையை நான் சாப்பிட்டேன். பொய் சொல்லல. காலையில முழுங்கிட்டுத்தான் வேலைக்குப் போனேன். நாலாவது மாடி. சாரத்துல நிக்கேன், சுவர் அப்படியே என்மேல சாயுது. மூங்கிலைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டேன். கையில இருந்த பெயிண்ட் டப்பா போயிருச்சு."

அவர் நிறுத்தினார். பேச்சியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது அவளுக்கும் தெரியாத கதை.

"கீழ ஒரு பொம்பளை இடுப்புல பிள்ளையை வச்சுக்கிட்டுப் போனா. ரெண்டு அடி முன்னால விழுந்துச்சு. தெறிச்ச பெயிண்டெல்லாம் அவ சேலையில, பிள்ளை முகத்துல. பிள்ளை முகம் பூரா வெள்ளை. அது சிரிக்குது. அவ நிமிந்து என்னையப் பாத்தா. ஒரு வார்த்தை ஏசல. பாத்துக்கிட்டே நின்னா."

ஜெபக்கனி அவருடைய நகக்கண்ணைப் பார்த்தாள்.

"தலைவலி வந்தா நான் ஒருத்தன் படுத்துக்கிடுவேன். மேல நிக்கையில கண்ணு இருட்டிச்சுன்னா கீழ யாரு போறான்னு எனக்கு எப்படித் தெரியும்? அன்னையோட விட்டுட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி," என்றார் டாக்டர். "வேற மாத்திரை மாத்தியிருப்பேனே."

"மாத்தலாமா?"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மாத்தலாம்னு எனக்குத் தெரியாதும்மா," என்றார் இசக்கியப்பன். "சாரத்துல ஏறாதேன்னு சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். ஏறாம நான் என்ன செய்ய?"

"மூணு மாசமா வாரவாரம் கேட்டேனே. சாப்பிடுதீங்களா, சாப்பிடுதீங்களான்னு."

"கேட்டீங்கம்மா. சாப்பிடுதேன்னு சொன்னேன்." அவர் மாவுக்கட்டுக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "சாப்பிட்டா என்ன செய்யுதுன்னு யாரும் கேக்கலியே."



மறுநாள் காலை. டாக்டர் நாலு மாத்திரையையும் தாளில் அடித்துவிட்டு, புதிதாக ஒன்றை எழுதியிருந்தார். அதிலும் பாதி.

ஜெபக்கனி காகிதக் கிண்ணத்தை நீட்டினாள். மைதீன் பிச்சையும் பக்கத்தில் நின்றார்.

இசக்கியப்பன் இடது கையால் வாங்கினார். உள்ளே கிடந்த அரை மாத்திரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஆசிரியரைப் பார்த்தார்.

"சார், இது என்னைய என்ன செய்யும்?"

மைதீன் பிச்சைக்கு அந்த மருந்தைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தார். பிறகு ஜெபக்கனி பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியாது, அண்ணாச்சி," என்றாள் அவள். "முழுங்கிட்டு நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும்."